அசீனா பெயருக்கு ஒரு கார்டு

சென்னை
12 ஜூன் 1995

அன்புள்ள அப்துல் ஹமீது பாய் அவர்களுக்கு,

டாக்டர் தனுஷ்கோடி எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் உங்கள் மகள் அசீனாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது இங்கே குழந்தைகள் வார்டில் வைத்தியம் பார்த்தவன். வன்னியம்பட்டிக்காரன். என்னை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருக்கலாமே என்று நினைத்திருப்பீர்கள்.

உறையின் மேல் ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை. எழுத உட்காரும் முன்பே இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டேன்.

ராஜபாளையம் முகவரிக்கு நான் எழுதியவை எல்லாம் 'வீடு மாறிவிட்டார்' என்று திரும்பி வந்தன. போன வாரம் எங்கள் ஸ்டோரில் பேண்டேஜ் துணி பேல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கின் மேல் உங்கள் பெயரும் ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரியும் மையில் அடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டுகளில் வைத்தியம் பெற்ற குழந்தைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு செய்கிறேன். நம் ஊர்க் குழந்தைகளுக்கு, சத்துக் குறைந்த உடம்புகளுக்கு, அந்த மருந்துகளை எந்த அளவில் கொடுக்கலாம் என்பதுதான் என் வேலை முழுவதும். எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத குழந்தைகளை இறந்தவர்களோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அது முறை. அசீனா அந்தப் பக்கத்தில் இருக்கிறாள்.

அவள் இருக்கிறாளா? ஒரு வார்த்தை போதும்.

இருக்கிறாள் என்றால், நாங்கள் கொடுத்த ஒரு மருந்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடிதத்தில் எழுதுவதற்கில்லை. முதலில் உங்கள் பதில் வரட்டும்.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3 ஜூலை 1995

டாக்டர் அவர்களுக்கு,

உறையின் மேல் ஆஸ்பத்திரி பெயர் இல்லாமல் அனுப்பியதற்கு நன்றி. ஒன்பது வருஷம் கழித்தாவது கற்றுக்கொண்டீர்கள்.

நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் சொல்கிறேன். அசீனாவுக்கு முடி கொட்டியபோது, நாகூருக்கு நேர்ச்சை என்று ஊருக்குச் சொல்லி மொட்டை அடித்தோம். மறுபடி கொட்டியபோது மறுபடி நேர்ச்சை என்றோம். "பாய் வீட்டுக்கு நாகூர்லயே ஒரு வீடு பாத்துரலாம் போல" என்று எதிர்வீட்டு சீனியம்மாள் கேலி செய்தாள். நானும் என் மனைவி மாஜிதாவும் சிரித்துக்கொண்டே நின்றோம். மஞ்சள்காமாலை, சென்னையில் வைத்தியம் என்று உறவுக்குச் சொன்னோம். என் கூடப் பிறந்தவர்களுக்கும் அதையே சொன்னோம். அப்படிக் காத்து வைத்ததை உங்கள் ஆஸ்பத்திரி பதினைந்து பைசாவில் முடித்தது.

திறந்த கார்டு. மேலே கொட்டை எழுத்தில் 'குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு'. கீழே என் மகள் பெயர். 'பரிசோதனைக்கு வராதது ஏன்?' தபால்காரர் அதைக் கடையில் கொடுக்கவில்லை. தெருவெல்லாம் துக்கம் விசாரித்துக்கொண்டே கொண்டுவந்தார். நல்ல மனுஷன். அழுதுகொண்டே கொடுத்தார்.

அந்த மாதம் என் தங்கை மெகராஜ் பேகத்துக்கு நிச்சயம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. "பொண்ணு மேல ஒண்ணும் கொறையில்ல பாய். உங்க வீட்டு ரத்தம் அப்படி இருக்கும்போது நாங்க என்ன செய்ய?" அவள் இப்போது சேத்தூரில் இரண்டாம் தாரமாக இருக்கிறாள். மூத்தவளின் பிள்ளைகளை வளர்க்கிறாள். நான் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தேன். ராஜபாளையத்தில் எனக்கு இன்றைக்கும் தலை நிமிர்வதில்லை. சரக்கு எடுக்கப் போனால் பஸ் ஸ்டாண்டிலேயே ஆளை வரச்சொல்லிப் பேசிவிட்டுத் திரும்புகிறேன்.

நானும் பி.எஸ்ஸி. படித்தவன். மெடிக்கல் சீட் கிடைக்கும் என்று கடைசி நாள் வரை காத்திருந்தவன். டாக்டராக முடியாமல் டாக்டர்கள் கை துடைக்கிற துணியை விற்கிறேன். வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், நம் பக்கத்து ஆள், நம் மானம் அவருக்குத் தெரியும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு நீங்கள், டாக்டருக்குப் படிக்க வந்த பையன்களுக்கு நடுவில் என் பிள்ளையை மொட்டைத் தலையோடு நிறுத்தி, 'ராஜபாளையம் கேஸ்' என்று அறிமுகம் செய்தீர்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில். அசீனா இல்லை. 1987இல் மௌத் ஆகிவிட்டாள். ராஜபாளையம் மையவாடியில் அடக்கம் செய்தோம். உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. திருத்த வேண்டாம்.

எனக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். அவளுக்கு வரும் செப்டம்பரில் கல்யாணம். இந்த நேரத்தில் சென்னையிலிருந்து எந்தக் கடிதமும் என் வீட்டுக்கு வரக் கூடாது.

அப்துல் ஹமீது


சென்னை
15 ஜூலை 1995

அன்புள்ள பாய்,

வரக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்ட பிறகு கட்டு வைப்போம். அசீனா அழமாட்டாள். கட்டுத் துணியை விரலால் தடவிப் பார்த்து, "இது எங்க அத்தா துணியா?" என்று கேட்பாள். ஆமாம் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "பொய் சொல்லாதீக டாக்டரு மாமா, இதுல ஓட்டை பெருசா இருக்கு. எங்க அத்தா துணி நெருக்கமா இருக்கும்." நர்சுகள் அவளைத் துணி இன்ஸ்பெக்டர் என்பார்கள்.

கார்டு அனுப்பியது நான்தான். ஆபீஸ் அனுப்பியது என்று இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சடிக்கச் சொன்னதும் நான்தான். உறையிலிட்டு அனுப்பினால் செலவு கூடும் என்று மேலிடம் சொன்னபோது தலையாட்டினேன். வன்னியம்பட்டியில் பிறந்தவனுக்கு ஒரு கார்டு தெருவில் எப்படி நடந்து வரும் என்று தெரியாமலா போகும்? யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை என்ற நிம்மதி. அடுத்த நிமிஷம்தான் துக்கம் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

சொல்ல வேண்டும் என்றிருந்த விஷயத்துக்கு இனித் தேவை இல்லை. உங்கள் மகள் கல்யாணம் நன்றாக நடக்கட்டும்.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 ஆகஸ்ட் 1995

டாக்டர் அவர்களுக்கு,

தேவை இல்லை என்று நீங்கள் எழுதிய விஷயம் என்ன? படித்தவன் என்ற முறையில் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அது கூடப் பிறந்த பிள்ளைகளுக்கு ஏதாவது வரக்கூடியது என்றால் எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கல்யாணம் இருக்கிறது.

ஹமீது


சென்னை
14 ஆகஸ்ட் 1995

அன்புள்ள பாய்,

கூடப் பிறந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த மருந்தை உடம்பில் வாங்கிய குழந்தைகளுக்கு மட்டும் உள்ள விஷயம். உங்கள் மகளுக்கு எந்தப் பயமும் வேண்டாம். தாராளமாகக் கல்யாணம் செய்து கொடுங்கள்.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 அக்டோபர் 1996

டாக்டர் அவர்களுக்கு,

இதைக் கொண்டுவருகிறவர் பால்பாண்டி, எங்கள் பேல்களை ஏற்றி வரும் லாரி டிரைவர். தபாலில் போட்டால் தாமதமாகும். காலையில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். உங்கள் நம்பரைச் சுழற்றினேன். யார் பேசுவது என்று அங்கே கேட்டார்கள். வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அசீனா உயிரோடு இருக்கிறாள்.

எனக்கு வேறு மகள் கிடையாது. கல்யாணம் நடந்தது அவளுக்குத்தான். உங்கள் கார்டுக்குப் பிறகு நான் சென்னைக்கு வரவில்லையே தவிர, உங்கள் சீட்டை வைத்துக்கொண்டு மதுரையில் மாத்திரை வாங்கி, மீதி இருந்த மாதங்களுக்கும் நானே கொடுத்து முடித்தேன். ரத்தமும் அங்கேயே பார்த்தேன். அந்த விஷயத்தில் உங்களை விட நன்றாகச் செய்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

மௌத் என்று எழுதினால் நீங்கள் இனி எழுதமாட்டீர்கள் என்றுதான் எழுதினேன். எழுதும்போது அவள் பக்கத்து அறையில் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் எழுதினேன். 

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இரண்டு வாரமாக மூச்சு வாங்குகிறது. கால் வீங்கி இருக்கிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இங்கே உள்ள டாக்டரம்மா ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார். மாமியார் சொல்கிறார்: "புள்ளத்தாச்சின்னா மூச்சு வாங்கத்தான் செய்யும். நான் எங்க காதரை வயித்துல வச்சிக்கிட்டு எம்புட்டு நெல்லு குத்தினேன். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒடம்பு வளையல."

டாக்டரம்மா என்னிடம் நேராகக் கேட்டார். "சின்ன வயசுல பெரிய சீக்கு ஏதும் வந்துச்சா?" சம்பந்தி பக்கத்தில் நின்றார். "காமாலை வந்துச்சு" என்றேன். மாஜிதா என்னைப் பார்த்தாள். டானிக் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள்.

நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம் என்ன? அந்த மருந்தை வாங்கிய பிள்ளைக்கு என்ன வரும்? என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதை மட்டும் உடனே சொல்லுங்கள்.

ஹமீது


தந்தி
சென்னை, 10 அக்டோபர் 1996

அசீனாவுக்கு இதய பலவீனம். இன்றே மதுரை பெரியாஸ்பத்திரி கொண்டு செல்லவும். படுக்க வைக்க வேண்டாம். பழைய நோயை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். மதுரையில் சொல்லிவிட்டேன். வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். தனுஷ்கோடி


சென்னை
2 நவம்பர் 1996

அன்புள்ள பாய்,

மதுரையில் ஆறு நாள் ஒரே வராந்தாவில் இருந்தோம். நீங்கள் ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். குழந்தை தங்கவில்லை என்று சொல்ல வந்தபோதுகூட நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் உங்கள் சட்டைப் பையைப் பார்த்துத்தான் சொன்னேன். அங்கே பேசாததை எழுதுகிறேன்.

சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுவோம், ஞாபகம் இருக்கிறதா? அசீனாவுக்கு அதன் நிறம் பிடிக்கும். நோயை அடக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது இதயத்தின் தசையைச் சிலருக்கு மெல்லிதாக்கிவிடுகிறது. உடனே தெரியாது. பத்து வருஷம் கழித்து, உடம்பு இரண்டு உயிரைச் சுமக்கும்போது தெரியும். எங்களிடம் பிழைத்து வளர்ந்த பெண் ஒருத்தி பிரசவத்தில் போனபோதுதான் நான் ஒவ்வொரு முகவரியாகத் தேட ஆரம்பித்தேன். முன்பே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்திருந்தால் அசீனா கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் முதல் மாதத்திலிருந்தே கவனித்திருக்கலாம்.

இதை என் முதல் கடிதத்தில் நாலு வரியில் எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் உங்கள் மானம் போகும், ஒரு முறை செய்த தப்பை மறுபடி செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எழுதினால் பயந்து பதில் போடாமல் இருந்துவிடுவீர்கள், பதில் எனக்கு வேண்டும் என்பதும் இருந்தது. உங்கள் மகளின் உயிர் விஷயத்தைத் தூண்டிலில் கோத்து வைத்தேன். பிறகு நீங்களாகவே கேட்டீர்கள். செத்த குழந்தையின் தகப்பன் எதற்கு இதைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் இரண்டு வரிக் கடிதத்தை இப்போது படித்தால் எழுத்துக்கு எழுத்து தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் நான்.

குழந்தை போனதற்கு நீங்கள் எழுதிய பொய்தான் காரணம் என்று நீங்கள் வராந்தாவில் ஒரு முறை முனகியது என் காதில் விழுந்தது. அல்லா தண்டித்தார் என்று நினைக்காதீர்கள். அந்த மருந்துக்கு நம் கடிதங்கள் தெரியாது. மருத்துவம் தெரிந்தவன் வாயை மூடினான், மகளைத் தெரிந்தவர் வாயை மூடினார். அவ்வளவுதான் நடந்தது.

அசீனா மாத்திரையை விடக் கூடாது. இன்னொரு குழந்தை வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்கோ பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. என் கட்டுரை போன வருஷக் கடைசியில் வெளியாகிவிட்டது. அதில் அவள் இறந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறாள். திருத்தி எழுத வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். உங்களிடம் கேட்கவில்லை. அசீனாவிடம் கேட்கிறேன். கேட்டால், அவளை நீங்கள் அங்கே சேர்த்தது அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் எப்போது, யார் சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

தனுஷ்கோடி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21 டிசம்பர் 1996

டாக்டர் அவர்களுக்கு,

நானே சொன்னேன். அதற்கு இத்தனை நாள் ஆயிற்று.

முதலில் சம்பந்தி வீடு. காமாலை என்று நான் சொன்ன பொய் மதுரையிலேயே உடைந்துவிட்டது. சம்பந்தி மதார் சாகிப் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நான் போனால் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். நான் இருந்த இடத்தைத் துடைக்கச் சொல்லாததுதான் பாக்கி. மாமியார் மட்டும் நேராகக் கேட்டார். "எங்க வீட்டுல வேக வைக்காத முட்டையக்கூட ஒடைச்சுப் பாத்துத்தான் சட்டியில ஊத்துவோம். நீங்க முழுசா மூடித் தந்துட்டீகளே." நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தங்கையின் நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனவர்களை பத்து வருஷம் மனதில் வைத்து ஏசிக்கொண்டிருந்தேன். அவர்களாவது உள்ளதைத் தெரிந்துகொண்டு போனார்கள். இவர்களுக்கு நான் அதைக்கூடத் தரவில்லை.

மருமகன் காதரிடம் தனியாகப் பேசினேன்.

"சொல்லியிருந்தா நீங்க கட்டியிருக்க மாட்டீக மாப்ள. அதான் சொல்லல."

அவர் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கட்டியிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல மாமா. பொய் சொல்லமாட்டேன். ஆனா தெரிஞ்சிருந்தா, அவ மாடிப்படி ஏறி மூச்சு வாங்கின அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருப்பேன். டானிக்க ஊத்தி ஊத்திக் குடுத்துட்டு ஒக்காந்திருந்தேனே."

 அவர் அவளைத் தள்ளிவைத்துவிடவில்லை. என் வீட்டில் உடம்பு தேறட்டும் என்று விட்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் வருகிறார். நான் இருந்தால் வாசலிலேயே நிற்கிறார். அதனால் அந்த நேரத்துக்கு நான் கடைக்குப் போய்விடுகிறேன்.

பிறகு அசீனா. நேற்று ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்டது, நான் எழுதியது. மாஜிதாவுக்கே இது தெரியாது. அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றவள் அப்படியே பின்பக்கம் போய்விட்டாள்.

அசீனா என் பக்கம் திரும்பினாள். "எந்த வருஷம் அத்தா மௌத்தானேன்?"

"எண்பத்தேழு."

"அப்ப எனக்குப் பத்து வயசு. அஞ்சாங்கிளாசு." விரலால் போர்வையில் கோடு போட்டாள். "அந்த வருஷந்தான் ரெட்டைச் சடை போடுற அளவுக்கு முடி வளந்துச்சு. நீங்கதான் ரிப்பன் வாங்கிட்டு வந்தீக."

போர்வை நுனியை இழுத்து அவள் காலை மூடினேன்.

"எந்த மையவாடி?"

"ராஜபாளையம்."

"அங்கயா? அந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டத் தாண்டவே மாட்டீகளே. என்னைய மட்டும் அங்க போயி அடக்கிட்டீக." சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. தலையணையை நிமிர்த்தி வைத்தேன். என் கையைத் தள்ளிவிட்டு அவளே சரிசெய்துகொண்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கடைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அத்தா, டாக்டரு மாமாவுக்கு எழுதுங்க. நான் இருக்கேன்னு எழுதுங்க. நீங்களே எழுதணும். நீங்கதான அப்படி எழுதினீக. பொறவு, கவர்ல போடாதீக."

"ஏட்டி, ஊரு படிக்குமே."

"எனக்கு இனிமே என்னத்த மறைக்க? கல்யாணம் ஆச்சு. புள்ளை வந்துச்சு, போச்சு. இன்னும் யாருக்கு அத்தா பயப்படுறீக?"

அவளுக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இதை உறையில் வைத்துத்தான் அனுப்புகிறேன். இவ்வளவையும் கார்டில் எழுத முடியாது என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார்டு வாங்கி வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து கல்லாப்பெட்டியில் கிடக்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. மெகராஜ் பேகத்தைப் பார்க்க சேத்தூர் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஹமீது


அஞ்சலட்டை
ராஜபாளையம், 6 ஜனவரி 1997

பெறுநர்: டாக்டர் தனுஷ்கோடி, குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு, சென்னை

டாக்டர் அவர்களுக்கு,

என் மகள் அசீனாவுக்கு 1984இல் ரத்தப் புற்றுநோய் வந்தது. உங்கள் வைத்தியத்தில் பிழைத்தாள். 1987இல் இறந்துவிட்டதாக நான் உங்களுக்கு எழுதியது பொய். அவள் உயிரோடு இருக்கிறாள். இதயம் பலவீனமாக இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். உங்கள் கட்டுரையைத் திருத்த அவளுக்குச் சம்மதம்.

தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ராஜபாளையத்தில் இறங்கி, பழைய தெருவுக்குப் பக்கத்துத் தபாலாபீசில் நின்று இதை எழுதுகிறேன். கவுண்டரில் இருக்கிற ஆண்டிச்சாமிக்கு என்னை அடையாளம் தெரிகிறது. படித்துவிட்டுத்தான் தபால் பையில் போடுவார்.

அடுத்த பரிசோதனைக்கான கார்டை என் பெயருக்கு வேண்டாம், அசீனா பெயருக்கே அனுப்புங்கள். கவர் வேண்டாம் என்கிறாள்.

அப்துல் ஹமீது
அசீனாவின் அத்தா